ஒன்பது என்றால் யாரும் இல்லை

அந்த வீட்டில் பிரான்சி ஆள் கணக்கில் சேர்த்தி இல்லை.

பயிற்சியின்போதே இதைச் சொல்லிவிட்டார்கள். திருச்சி புத்தூரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேல்மாடியில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டில் உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வு. மொத்தம் நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பத்து வேலை நாட்கள், காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை உட்கார வேண்டும். தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெட்டி, ஆக நாளுக்கு நாற்பத்தெட்டு. அந்த நிமிடம் குழந்தையின் பக்கத்தில் எந்தப் பெரியவர் இருக்கிறாரோ அவருடைய எண்ணைப் பெட்டியில் எழுத வேண்டும். அம்மா ஒன்று. அப்பா இரண்டு. உறவினர் மூன்று. சம்பள ஆள் நான்கு. அக்கம்பக்கத்தார் ஐந்து. யாரும் இல்லையென்றால் ஒன்பது. ஆறு, ஏழு, எட்டு எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். பின்னால் தேவைப்படலாம் என்று தஹ்ஸீன் மேடம் சொன்னார்.

ஆய்வை நடத்துபவர் தஹ்ஸீன் மேடம்தான். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"எழுதறவங்களுக்கு நம்பர் கிடையாது," என்றார். "நீங்க ஒரு நாற்காலி. குழந்தையோட பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. கூப்பிட்டா திரும்பக் கூடாது. தீ, தண்ணி, உயரம், கரண்ட். இந்த நாலுக்கு மட்டும் நாற்காலி எழுந்திருக்கலாம்."

பிரான்சி அதைக் குறித்துக்கொண்டாள். மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்தவள். மகன் ஜேக்கப் பிறந்த பிறகு உறையூர் வீட்டில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இருந்தாள். அந்த மூன்று வருஷத்தில் அவளை யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை. இந்த வேலையில் எல்லோரும் கூப்பிட்டார்கள், கழுத்தில் தொங்கிய அட்டையைப் படிக்காதவர்கள்கூட.

பயிற்சிக்காக முதல் தாளை அவரவர் வீட்டுக்கே எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிரான்சி எழுதினாள். ஜேக்கப்புக்கு இரண்டே முக்கால் வயது. நாற்பத்தெட்டுப் பெட்டியில் முப்பத்தொன்றில் மூன்று என்று வந்தது. மூன்று என்பது அவள் மாமனார் பாக்கியநாதன், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் கணவன் பிரிட்டோ திருப்பூரில் வேலை பார்த்து ஞாயிறுதோறும் வந்து போகிறவன். தாளில் அவனுக்கு இடமே வரவில்லை. மார்க் போட்டுத் திரும்பி வந்த தாளைப் பாக்கியநாதன் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். சர்வீஸில் இருந்தபோது தனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை என்றார்.

பிரான்சிக்கு ஒன்பதாவதாகக் கிடைத்தது ஆய்வின் இருபத்தேழாம் வீடு. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் ஒரு ஃபிளாட், முதல் மாடி. குழந்தை பெயர் மைத்ரேயி, வயது மூன்றும் இரண்டு மாதமும். அம்மா ப்ரியம்வதா திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுத்துவிடுவாள். அப்பா மதுசூதனுக்கு மண்ணச்சநல்லூரில் பாங்க் வேலை, எட்டரைக்குக் கிளம்புவான். அதற்குமேல் குழந்தைக்கு மதுசூதனின் அக்கா மரகதவல்லிதான். முப்பத்து நான்கு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர். பூர்த்தி செய்யாத மணியார்டர் பாரத்தை அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட வாங்கியதில்லை என்று முதல் நாளே சொன்னார்.

ஒப்புதல் படிவத்தை மற்ற எட்டு வீடுகளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மரகதவல்லி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"நாலாவதுல, ஆய்வு நேரம் முழுதும் குழந்தை வீட்டுக்குள் இருத்தல் வேண்டும்னு போட்டிருக்கு."

"ஆமாங்கம்மா."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பாங்க. வெளிய போனா அந்த நாள் செல்லாது."

"ஆறாவதுல, குடும்பத்தினர் தங்கள் அன்றாட வழக்கத்தில் எந்த மாற்றமும் செய்தல் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. நீங்க எப்பவும்போல இருக்கணும்."

"நாலாவதும் ஆறாவதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமோ?"

அப்படி ஒரு கேள்வியைப் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ் வரும் நேரம் வேறு.

"போகுங்கம்மா," என்றாள் பிரான்சி.

மரகதவல்லி கையெழுத்துப் போட்டார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். பிரான்சி கொடுத்தாள். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஒரு டம்ளர் தீர்த்தமாவது சாப்பிட்டுட்டுப் போங்கோ."

"வேணாங்கம்மா. எந்த வீட்டுலயும் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு ரூல்."

"அப்படியா?" மரகதவல்லி கொஞ்சம் யோசித்தார். "நாங்கதான் அப்படியெல்லாம் பார்க்கறவான்னு இத்தனை நாள் நினைச்சிண்டிருந்தேன்."

மறுநாள் திங்கட்கிழமை ஆய்வு ஆரம்பித்தது. கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் பிரான்சிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எட்டரை வரை இரண்டும் மூன்றும் மாறி மாறி வந்தன. அதற்குப் பின் வெறும் மூன்று. ஒன்பதரை மணிக்கு மரகதவல்லி கேஸ் சிலிண்டரை மூடினார். பால்கனியைப் பூட்டினார். தீப்பெட்டியைப் பரணில் போட்டார். ஒரு பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

மைத்ரேயி அதற்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையிலும் ஒரு சின்னக் கூடை இருந்தது.

"நீ வரப்படாது. ஆத்துக்குள்ளயே இருக்கணும். மேடம் எழுதறா," என்றார் மரகதவல்லி. பிரான்சியைப் பார்த்துக் கை கூப்பினார். கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பாலோ, காய்கறியோ வாங்கக் கீழே போகிறார் என்று பிரான்சி நினைத்தாள். பத்தொன்பதாம் பெட்டியில் ஒன்பது என்று எழுதினாள். இருபதிலும் ஒன்பது. குறிப்புப் பகுதியில், குழந்தை செருப்புடன் கதவைப் பார்த்து நிற்கிறது என்று எழுதினாள். மரகதவல்லி திரும்பியபோது மணி பதினொன்றரை. இருபத்து நான்கு பெட்டிகளில் ஒன்பது நிரம்பியிருந்தது. கூடையை மாட்டிவிட்டுக் குழந்தையை எடுத்து முத்தம் கொடுத்தார். பிரான்சி மூன்று என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமையும் ஒன்பதரைக்குப் போனார். புதன்கிழமையும்.

மைத்ரேயி கதவைப் பார்த்து நின்றது முதல் நாள் மட்டும்தான். இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் முன் நின்று பிரான்சியைப் பார்த்தாள். பிரான்சி சுவரைப் பார்த்தாள். குழந்தை கை தட்டிப் பார்த்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். நாற்காலியைச் சுற்றி வந்தாள். அசையாமல், பேசாமல், சிரிக்காமல், நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை அந்தக் குழந்தை ஏற்கனவே பார்த்திருக்கிறது, வாரம் தவறாமல், கோயிலில்.

"தாயார்," என்றாள் மைத்ரேயி. சொல்லிவிட்டுக் கீழே விழுந்து சேவித்தாள்.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரான்சியின் முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அதுதான் திரை. கைக்கு எட்டியது பிரான்சியின் தோள் வரைதான். ஒரு கிண்ணத்தில் அவல் பொரியைக் காலடியில் வைத்தாள். ஸ்பூனால் டம்ளரைத் தட்டி மணியடித்தாள். "தாயார் சாப்பிடறா. யாரும் பார்க்கப்படாது." கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை இறக்கிவிட்டு, பொரியைப் பிரசாதமாக எடுத்துத் தானே தின்றாள். பிரான்சி கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். குறிப்புப் பகுதியில், பாவனை விளையாட்டு என்று எழுதினாள். பெட்டியில் ஒன்பது.

அன்று பதினொரு மணிக்குக் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. உதட்டுவரை வந்தது. பிரான்சி ஒரு பெட்டி நேரம் பொறுத்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப நாற்காலி ஆனாள்.

மூன்றாம் நாள் மைத்ரேயி ஜட்டியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீர் நான்கு ஆபத்துகளில் ஒன்று. பிரான்சி கூடப் போனாள்.

ஐந்தாம் நாள் குழந்தை அலமாரி மேல் ஏறப் பார்த்தது. "வேணாம்டா தங்கம்," என்றாள் பிரான்சி. உயரம், அனுமதி உண்டு. ஆனால் குழந்தை இறங்கியதும், "தாயார் பேசறா!" என்று கூடம் முழுக்க ஓடியது. பேசிய தாயாரிடம் கேட்க அதனிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. பிரான்சி சிலவற்றுக்குப் பதில் சொன்னாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பின்னல் அவிழ்ந்திருந்தது, பின்னிவிட்டாள். புதன்கிழமை குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, ஒன்பது என்று எழுதி, மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

இதில் எதையும் அவள் தாளில் எழுதவில்லை. எழுத ஒரு எண் இல்லை என்பது ஒரு காரணம்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் தஹ்ஸீன் மேடம் புத்தூருக்கு வரச் சொன்னார். தினமும் தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மேடம் அந்த ஒன்பது தாள்களையும் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார்.

"உட்காரு பிரான்சி. ஒரு பெட்டிகூட விடலை நீ. மத்தவங்க தாளெல்லாம் பாரு, டீ குடிக்கப் போனப்ப என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது."

"தேங்க்ஸ் மேடம்."

"இருநூத்துப் பதினாறு ஒன்பது." மேடம் ஒரு தாளைத் தொட்டார். "படிச்ச குடும்பம். அம்மா டீச்சர். அப்பா பாங்க். தினமும் ரெண்டு மணி நேரம் மூணு வயசுக் குழந்தை தனியா. இந்த ஊர்ல இப்படி ஒரு வீடு இருக்கும்னு நான் எதிர்பார்க்கல. டெல்லி கூட்டத்துல நான் பேசப்போறதே இதப் பத்தித்தான்."



மேடம் ஒரு சிவப்புத் தாளை எடுத்து வைத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு குழந்தை தனியாக இருந்து, அது ஐந்து நாள் நீடித்தால், சிவப்புத் தாள் போக வேண்டும் என்பது ஆய்வின் விதி. தாள் கலெக்டர் ஆபீஸில் குழந்தைகள் நலம் பார்ப்பவர்களுக்குப் போகும். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். பெற்றோர் வேலை பார்க்கும் இடத்துக்கும் ஒரு கடிதம் போகும்.

"ஸ்கூலுக்குமா மேடம்?"

"ஸ்கூலுக்கும்தான். கண்ணால பார்த்தவங்க கையெழுத்து வேணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பூர்த்தி பண்ணிக் குடு." எழுந்தபோது சொன்னார்: "ரெண்டாம் கட்டத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் வேணும். எட்டு பேர் உனக்குக் கீழ வேலை செய்வாங்க. உன் பேரத்தான் எழுதியிருக்கேன்."

கையேட்டின் பதினொன்றாம் விதி பிரான்சிக்கு மனப்பாடம். எழுதுபவர் குழந்தையிடம் குறுக்கிட்டது தெரியவந்தால், அவர் எழுதிய எல்லா வீடுகளும் தள்ளுபடி. அவரும்.

சாயங்காலம் உறையூர் வீட்டில் ஜேக்கப் தாத்தாவின் ஸ்பானரை வைத்து சைக்கிளின் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாக்கியநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, இவன எப்பவாச்சும் தனியா விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேனே. கக்கூசுக்குப் போறப்ப." அவர் நிமிர்ந்தார். "ஏன், அதுக்கும் ஒரு நம்பர் போட்டுட்டாங்களா?"

பிரான்சி நடந்ததைச் சொன்னாள். மூக்கு துடைத்ததிலிருந்து சிவப்புத் தாள் வரைக்கும் சொன்னாள்.

"அந்தப் பிள்ளகூட ரெண்டு மணி நேரமும் யாருமே இல்லையா?"

"இல்ல மாமா."

"காலைல ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு நீ எங்கதான் போற?"

"அங்கதான் மாமா."

"உன் நம்பர் என்ன?"

"எனக்கு நம்பர் கிடையாது."

"ஒர்க்‌ஷாப்புல நாய்க்கே டோக்கன் இருந்துச்சும்மா," என்றார் பாக்கியநாதன். "ஜேக்கப்பு, இடது பக்கம்டா. இடது பக்கம்."

வெள்ளிக்கிழமை பத்தாம் நாள். ஒன்பதரைக்கு மரகதவல்லி கேஸை மூடினார், பால்கனியைப் பூட்டினார், தீப்பெட்டியைப் பரணில் போட்டார், கூடையை எடுத்தார்.

"அம்மா," என்றாள் பிரான்சி நாற்காலியிலிருந்து. "தினமும் எங்க போறீங்க?"

மரகதவல்லி நின்றார். "நீங்க எங்களோட பேசப்படாதே?"

"பேசக் கூடாதுதாங்க. எங்க போறீங்க?"

"நந்தவனத்துக்கு. பூத்தொடுக்கிற கைங்கர்யம். ஏழு பேர் இருக்கோம். இருபத்திரண்டு வருஷமாப் போயிண்டிருக்கேன். ஆபீஸுக்குப் போறச்சே விடியக்காலம்பற போவேன்."

"குழந்தையத் தனியா விட்டுட்டா?"

மரகதவல்லி கூடையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கவுண்ட்டருக்கு முன்னால் தப்பான பாரத்தோடு வந்து நிற்பவரைப் பார்க்கும் முகம் அது. உள்ளே போய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாலு மாசக் குழந்தையிலேர்ந்து மைத்ரேயியை நான் தூக்கிண்டுதான் போறேன். ஒரு நாள் விட்டதில்லை. அங்கதான் தவழ்ந்தா, அங்கதான் நடந்தா. இப்போ நாலாவதைப் பாருங்கோ. குழந்தை ஆத்துக்குள்ள இருக்கணும். வெளியில போனா அந்த நாள் செல்லாதுன்னு நீங்களே சொன்னேள். அதனால அழைச்சிண்டு போகலை."

"நீங்களும் போகாம இருந்திருக்கலாமேங்க. பத்து நாள்தானே."

"ஆறாவதைப் பாருங்கோ. வழக்கத்துல எந்த மாற்றமும் செய்தல் கூடாது. என் வழக்கம் ஒன்பதரைக்குப் போறது. நான் போகாம இருந்தா ஆறாவதை மீறினதா ஆகும். அழைச்சிண்டு போனா நாலாவதை மீறினதா ஆகும். கையெழுத்துப் போட்டுட்டு எப்படி மீறறது? ரெண்டும் ஒத்துப்போகுமான்னு அன்னிக்கே கேட்டேன். போகும்னேள்."

பிரான்சி நகலை வாங்கிப் பார்த்தாள். நாலாவது இருந்தது. ஆறாவதும் இருந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

"எனக்கு மட்டும் மனசு அடிச்சுக்கலைன்னா நினைக்கறேள்? ரெண்டு நாள் பூ கையில ஓடலை. மூணாம் நாள்தான் சரியாச்சு."

"ஏன்?"

"செவ்வாக்கிழமை வந்து பார்த்தேன். குழந்தைக்கு மூக்கு துடைச்சிருந்தது. இவளுக்குத் தானாத் துடைச்சுக்கத் தெரியாது." மரகதவல்லி நகலைத் திரும்ப வாங்கி உறையில் போட்டார். "அப்புறம் ஒரு நாள் பின்னல் மூணு காலாப் பின்னியிருந்தது. நான் நாலு காலாப் பின்னறவ. குழந்தையைத் தனியாவா விட்டேன்? உங்க கிட்டன்னா விட்டுட்டுப் போனேன்."

ஒன்பது முப்பத்தைந்து ஆகியிருந்தது. பிரான்சியின் கையில் தாள் இருந்தது. பத்தொன்பதாம் பெட்டி காலியாக இருந்தது. காலியாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"இன்னிக்குக் குழந்தையக் கூட்டிட்டுப் போங்கம்மா," என்றாள். "நானும் வரேன்."

"நாலாவது?"

"நான் பாத்துக்கறேங்க."

"எழுதித் தருவேளா?"

பிரான்சி நகலின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டுக் கொடுத்தாள். மரகதவல்லி படித்துவிட்டு பீரோவில் வைத்தார். மைத்ரேயி செருப்போடு தயாராக நின்றாள். ஆனால் பிரான்சி நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்ததும், இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

"தாயார் வரப்படாது!"

"ஏண்டீ?"

"தாயார் வெளியில போக மாட்டா. படி தாண்ட மாட்டா. நீதானே சொன்னே."

அது உண்மைதான். ஸ்ரீரங்கத்துத் தாயார் தன் சன்னிதியை விட்டு வீதிக்கு எழுந்தருளுவதில்லை. வருஷமெல்லாம் வீதி சுற்றுவது பெருமாள்தான். மரகதவல்லிக்கு இது சங்கடமாக இருந்தது. சாஸ்திரத்துக்கு விரோதமாகப் பொய் சொல்ல வராது. குழந்தை சொல்வது சரி. நேரமும் ஆகிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மட்டும் இவர் பெருமாள்," என்றார் கடைசியில்.

மைத்ரேயி பிரான்சியை மேலும் கீழும் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல ஒரு பெட்டி நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடிப்போய், பழைய துண்டை எடுத்து வந்து, அதைச் சாமரமாக வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். வடக்கு உத்திர வீதியில் பிரான்சி தாள் செருகிய அட்டையையும் பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். எதிரே வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஒதுங்கி வழி விட்டார்.

நந்தவனத்தில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஆறு பெண்கள் வாழைநாரும் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மைத்ரேயியைப் பார்த்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கேடி போனாய் என்றார் ஒருவர். இளைத்துவிட்டாள் என்றார் இன்னொருவர். தோட்டம் பார்க்கும் மருதை, கவிழ்த்துவைத்த ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து போட்டார். அது அவளுடைய இடம். இத்தனை நாளாக அதில் யாரும் உட்காரவில்லை என்றார்.

மைத்ரேயி உட்கார்ந்து துளசியைத் தனியாகவும் மருவைத் தனியாகவும் பிரித்தாள். ஒரு பெண்மணி பாசுரம் ஒன்றை ஒரு வரி சொல்லி நிறுத்தினார். மீதி வரியை அவள் சொன்னாள். இன்னொருவர் பன்னிரண்டு பூ கேட்டார். அவள் எண்ணிக் கொடுத்தாள். பதினொன்றுதான் இருந்தது. அவரும் எண்ணிக் காட்டினார். அவள் ஒன்றைச் சேர்த்தாள். பிரான்சி கையில் கிடைத்த ஒரு சம்பங்கியைப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள்.

"மோந்து பார்க்கப்படாது!" என்று அதட்டினாள் மைத்ரேயி. "பெருமாளுக்கு."

பிரான்சி பூவைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். பெட்டியில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். மூன்று என்று எழுதினாள். பெட்டிக்கு வெளியே ஆறு ஐந்துகள் எழுதினாள். மருதைக்கு இன்னொரு ஐந்து. அடுத்த பெட்டியிலும் அதையே எழுதினாள். பதினொன்றரைக்குள் தாளின் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.

மூன்று மணிக்குப் புத்தூர் போனாள். சிவப்புத் தாளைப் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். தஹ்ஸீன் மேடம் கடைசி வரியில் நிறுத்தினார். உடனிருந்தவர் என்ற இடம். பொதுவாக அங்கே ஒரு கோடு போடுவார்கள். பிரான்சி தன் பெயரை எழுதியிருந்தாள்.

"இது என்ன?"

"நான் இருந்தேன் மேடம்."

"நீ இருந்தது எனக்குத் தெரியாதா? நீ இல்லாம இந்தப் பெட்டியெல்லாம் எப்படி நிரம்பும்? அத எழுதக் கூடாது."

"மூக்கு தொடச்சு விட்டேன். பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். தலை பின்னினேன். புதன், வியாழன் மடியில வெச்சிருந்தேன்."

மேடம் பேனாவை மூடினார். "மடியில வெச்சுக்கிட்டு ஒன்பதுன்னு எழுதினியா?"

"இல்ல மேடம். எறக்கி விட்டுட்டுத்தான் எழுதினேன்."

பிரான்சி ஒப்புதல் படிவத்தின் நாலாவதையும் ஆறாவதையும் சொன்னாள். மேடம் படிவத்தை எடுத்து இரண்டையும் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"இத யாருமே கவனிக்கலையா?"

"அந்தம்மா கவனிச்சாங்க. நான்தான் ஒத்துப்போகும்னு சொல்லிட்டேன்."

"இத எழுதினது நான்," என்றார் மேடம்.

"மாத்திரலாமா மேடம்?"

"பாதியில மாத்த முடியாது. முதல் இருபத்தாறு வீட்டுக்கும் இதே படிவம்தான்."

"அந்த வீடுகள்லயும் யாராச்சும் இப்படி..."

"அத இப்ப கேக்காத பிரான்சி."

மேடம் சிவப்புத் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். இருபத்தேழாம் வீடு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. பிரான்சியின் மற்ற எட்டு வீடுகளும் நீக்கப்பட்டன. அந்த எட்டு வீடுகளிலும் அவள் ஒரு மூக்கைக்கூடத் துடைக்கவில்லை, அதைச் சொன்னாள். மேடம் நம்பினார். ஆனால் பதினொன்றாம் விதி விதிதான்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள். மேற்படிப்பு. வேறு வேலை. திருமணம். உடல்நலக் குறைவு. குழந்தைப் பராமரிப்பு. மேடம் ஐந்தையும் படித்துப் பார்த்துவிட்டு கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார்.

"இது ஒண்ணுதான் கொஞ்சம் கிட்ட வருது," என்றார்.

பிரான்சி கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வாசல் வரை வந்து மேடம் அவள் கையைப் பிடித்தார். அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு வரை எண்ணத் தெரிகிறதா என்று கேட்டார். பதினொன்று வரை தெரிகிறது என்றாள் பிரான்சி.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியிருக்கவில்லை. பாக்கியநாதன் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை எடுத்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்து நாற்பத்தெட்டுப் பெட்டிகள் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா?"

"நாற்காலி பேசாது," என்றார் பாக்கியநாதன்.

எட்டு மணிக்கு பிரான்சி ஜேக்கப்புக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் பெட்டியில் ஒன்று என்று எழுதினார். ஒன்பதரை வரை ஒன்றுதான். பிறகு ஜேக்கப் சைக்கிளுக்குப் போனான். பிரான்சி பாயில் சாய்ந்தாள். அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

விழித்தபோது மணி பத்தேகால். மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். ஜேக்கப் அவர் காலடியில் உட்கார்ந்து இரண்டாவது பெடலையும் கழற்றியிருந்தான். பிரான்சி தாளை வாங்கிப் பார்த்தாள். பத்தொன்பதாம் பெட்டியிலிருந்து மூன்று பெட்டிகளில் ஒன்பது என்று எழுதி, ஒவ்வொன்றையும் அடித்து, மேலே மூன்று என்று எழுதியிருந்தது.

"என்ன மாமா, இவ்ளோ அடிச்சிருக்கீங்க?"

"நீ தூங்கிட்ட. யாருமில்லன்னு போட்டுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இருக்கேங்கறது கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு."